சேலத்தின் சுங்கச் சாலைகள்: கொடுக்கும் காசுக்கு உயிர்க்காப்பு எவ்வளவு?

சேலத்தின் வடக்கே தருமபுரிக்கும் தெற்கே நாமக்கல்லுக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, மேற்கே சங்ககிரி வழியாகக் கோவைக்குச் செல்லும் 544, கிழக்கே ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் 79 ஆகிய மூன்றுமே கட்டணச் சாலைகள். ஓமலூர், வைகுந்தம், மேட்டுப்பட்டி, நத்தக்கரை என எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரு சுங்கச்சாவடி எதிர்ப்படும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு, தொடக்கத்தில் 3,000 ரூபாயில், ஓராண்டு அல்லது 200 முறை செல்லும் ஆண்டு அட்டையும் வந்துவிட்டது. ஆகவே இச்சாலைகளைக் காசு கொடுத்து வாங்கும் சேவையாகக் கருதி மதிப்பிடுவதில் தவறில்லை.

இத்தகைய மதிப்பீடுகளில் வழக்கமாகத் தார்த்தளம் வழுவழுப்பாக இருக்கிறதா, கோவைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்பவையே பேசப்படும். அவற்றில் எனக்குப் பெரிய குறை இல்லை. இங்கே நான் கேட்பது வேறு ஒரே கேள்வி: இச்சாலையில் யாரேனும் ஒருவர் தவறு செய்தால், அடிபட்டவர் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவாரா, அல்லது உயிரையே இழப்பாரா? விபத்து நடப்பதற்கான காரணங்கள் ஒரு வகை. நடந்த விபத்து உயிர்ப்பலியாக முடிவதற்கான காரணங்கள் இன்னொரு வகை. தூக்கக் கலக்கம், கைப்பேசி, மது ஆகியவை விபத்தைத் தொடங்கிவைக்கின்றன என்றால், அது எப்படி முடியும் என்பதைப் பெரும்பாலும் மோதும் வேகமும், எதன்மீது எந்தக் கோணத்தில் மோதுகிறோம் என்பதும், உதவி வந்து சேரும் நேரமுமே தீர்மானிக்கின்றன. இந்த இரண்டாவது வகையில் பெரும் பங்கு சாலையை அமைப்பவர் கையிலும் நடத்துபவர் கையிலும் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 4,61,312 விபத்துகள் நடந்து 1,68,491 பேர் இறந்தனர். அதாவது நூறு விபத்துக்கு 36 உயிருக்கும் மேல். அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். நூறு விபத்துக்கு ஏறத்தாழ 28 உயிர் என்ற அளவில் நம் நிலை தேசிய சராசரியைவிட மேலானது. விபத்து எண்ணிக்கையில் நமக்குப் பின்னால் நிற்கும் உத்தரப் பிரதேசத்தில் அது 54. சிறு காயங்களையும் நம் காவல் நிலையங்கள் ஓரளவு பதிவு செய்துவிடுகின்றன என்பதும், 108 ஊர்தி விரைந்து வருகிறது என்பதும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம். ஆனால் நெடுஞ்சாலைக்கு வந்தால் பெருமைப்பட அதிகம் இல்லை. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் 2 விழுக்காடு அளவே உள்ள தேசிய நெடுஞ்சாலைகள், 2022இல் விபத்துகளில் ஏறத்தாழ 33 விழுக்காட்டையும் இறப்புகளில் 36 விழுக்காட்டையும் சுமந்தன. சாலை நன்றாக இருக்கும் இடத்தில்தான் அடி பலமாக விழுகிறது.

இதற்கு முதல் காரணம் வேகம். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது; 60 கிலோமீட்டரிலிருந்து 80க்குப் போகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, மோதலில் வெளிப்படும் ஆற்றலோ 78 விழுக்காடு கூடிவிடுகிறது. ஒரு சாலையின் சராசரி வேகம் 1 விழுக்காடு உயர்ந்தால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 4 விழுக்காடு உயரும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கார் வாங்கும்போது நாம் பெருமையோடு பார்க்கும் ஐந்து நட்சத்திரத்தையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த நட்சத்திரங்களை வழங்கும் பாரத் என்கேப் சோதனையில் காரை முன்புறமாக மோதவிடும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். சங்ககிரி சாலையில் நாம் சர்வசாதாரணமாகப் போகும் 100 கிலோமீட்டரில் அந்த ஆற்றல் இரண்டரை மடங்குக்குச் சற்றே குறைவு. நட்சத்திரம் பொய்யன்று, அது வழங்கப்பட்ட வேகத்தில் நாம் ஓட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இனிச் சாலைகளுக்கு வருவோம். நான்கு திசைகளில் மிக மோசமானது எது என்று கேட்டால் தயக்கமின்றி ஆத்தூர் சாலை என்பேன். சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் இச்சாலை நான்கு வழிச் சாலையாகத் திறக்கப்பட்டபோது, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களைச் சுற்றிச் செல்லும் பைபாஸ்கள் மட்டும் நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலைகளாகவே விடப்பட்டன. அவற்றை அகலப்படுத்தும் பணி அண்மை ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது என்றாலும், இத்தனை காலம் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு இதை ஓட விட்டது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. நல்ல நான்கு வழிச் சாலையில் 90இல் வந்து பழகிய கண்ணும் காலும், திடீரென்று எதிரே முகப்பு விளக்குகள் வரும் சாலைக்குள் நுழைந்தவுடன் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. நாற்பது நிமிடம் தொடர்ந்து விரைந்து ஓட்டியவருக்கு 80 என்பது ஊர்வதுபோல் தோன்றும் என்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள். அங்கே ஒருவர் முந்த முயன்றால் நடப்பது நேருக்கு நேர் மோதல், அதாவது மோதல் வகைகளிலேயே கொடியது.

நேருக்கு நேர் மோதலில் இரண்டு வண்டிகளின் வேகமும் கூட்டப்பட்டு இருவர் தலையிலும் சமமாக விழும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு கார்கள் தலா 80இல் மோதினால், ஒவ்வொன்றுக்கும் அது 80இல் சுவரில் மோதியதற்குச் சமமே. எதிரே வருவது லாரி என்றால் கணக்கு தலைகீழாகிறது. 1.2 டன் காரும் 25 டன் லாரியும் தலா 80இல் நேராக மோதினால், லாரியின் வேகம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர்தான் குறையும். காருக்குள் இருப்பவரின் வேகமோ ஒரு கண் இமைப்பில் 150 கிலோமீட்டருக்கும் மேல் மாறும். காற்றுப்பையோ இருக்கை வாரோ தாங்கக்கூடிய அளவு அன்று அது. லாரி ஓட்டுநர் நெற்றியில் கீறலோடு இறங்கி வருவதும், கார் வெட்டி எடுக்கப்படுவதும் இதனால்தான். அவர்மீது பாயும் கூட்டம் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆத்தூர் சாலைக்கே உரிய இன்னொரு ஆபத்து மரவள்ளிக்கிழங்கு. அறுவடைக் காலத்தில் சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் இருட்டிய பிறகும் வரிசையாக வரும். டிரெய்லரின் பின்பலகைக்கு மேல் கிழங்கு குவிந்து நிற்க, பின்விளக்கு என்று ஒன்று இருந்திருந்தாலும் அது மண் அப்பி மூடிக்கிடக்கும். ஒட்டப்பட்ட பிரதிபலிப்புப் பட்டையின் ஒரு துண்டு மட்டும் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் நகரும் அந்த இரும்பு மலையை 90இல் வருபவர் கண்டுகொள்ளும்போது இடைவெளி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். விவசாயிக்கு வேறு வழியில்லை; ஆலைக்குக் கிழங்கு போய்த்தான் ஆக வேண்டும். ஊருக்கு ஊர் தொடர்ச்சியாக ஓர் அணுகுசாலை அமைத்திருந்தால் அந்த டிராக்டர் முதன்மைச் சாலைக்கே வர வேண்டியிருக்காது. ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அதுவும் பகலில் மட்டும்.

வடக்குத் திசையில் ஓமலூர் வரை சாலை செவ்வனே இருக்கிறது. அதற்கப்பால், தருமபுரி மாவட்ட எல்லைக்குள் வரும் தொப்பூர் கணவாயைப் பற்றி எழுதாமல் இந்தத் திசைக்கு மதிப்பெண் போட முடியாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது அது இறக்கம். வடக்கிலிருந்து இரும்பும் சிமெண்டும் தானியமும் ஏற்றி வரும் டாரஸ் எனப்படும் கனரக லாரிகள் அதில் இறங்குகின்றன. முப்பது டன் எடையுள்ள வண்டி நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் இறங்கினால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் அத்தனை வெப்பமும் பிரேக் டிரம்களில்தான் இறங்க வேண்டும். சூடேறிய பிரேக் ஓரளவுக்கு மேல் பிடிக்காது. பிறகு அந்த லாரி முன்னால் போகும் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாரிக்கொண்டு இரட்டைப் பாலம் வரை வருகிறது. 2024 ஜனவரியில் அந்தப் பாலத்தின் மேல் லாரிகளும் காரும் மோதிக்கொண்டு தீப்பிடித்து எரிந்த காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

தொப்பூரில் அடி ஏன் இவ்வளவு பலமாக விழுகிறது என்பதற்கு ஓட்டுநரின் கவனக்குறைவு பாதி விடைதான். ஒரே இறக்கத்தில் 20இல் இறங்கும் லாரியும் 80இல் இறங்கும் காரும் இரண்டே தடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. வேக வேறுபாடு கூடக்கூட மோதலின் கொடுமையும் கூடுகிறது. முன்னால் ஒரு லாரி, பின்னால் பிரேக் இழந்த ஒரு லாரி என்று நடுவில் சிக்கும் காருக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் அல்லது பாலத்தின் கைப்பிடிச் சுவர். மலைச் சாலைகளில் பிரேக் இழந்த வண்டி ஓடி ஏறி மணலிலோ சரளையிலோ புதைந்து நிற்பதற்கென்று பக்கவாட்டில் ஏற்றமான தப்புப் பாதைகள் அமைப்பது உலகெங்கும் உள்ள பழைய நடைமுறை. வளைவையும் சரிவையும் திருத்தும் உயர்மட்டச் சாலைத் திட்டம் முடிந்தால் இக்கணவாயின் முகமே மாறும் என்று நம்ப இடமிருக்கிறது. அதுவரை எச்சரிக்கைப் பலகைகளுக்கு ஒன்று, ஏறும் திசைக்கு ஒன்றரை என இரண்டரை நட்சத்திரம். இறங்கும் திசைக்கு அவ்வளவும் தர மனம் வரவில்லை.

கோவைச் சாலையைப் பெரும்பாலோர் புகழ்கிறார்கள். தளம் நன்று, மையத் தடுப்பில் செவ்வரளி அடர்ந்து வளர்ந்து எதிர் வண்டியின் ஹை பீம் கண்ணில் அடிக்காமல் மறைக்கிறது. இந்தச் சாலையின் நோய் வேறு; சாலையோரம் நிற்கும் லாரிகள். சங்ககிரியும் அதைச் சுற்றிய ஊர்களும் லாரித் தொழிலால் வாழ்பவை. தாபா, பட்டறை, டயர்க் கடை, தேநீர்க் கடை எல்லாம் சாலையின் விளிம்பிலேயே இருக்கின்றன. 2023 செப்டம்பர் 6 அதிகாலையில் சங்ககிரி அருகே நின்றுகொண்டிருந்த லாரியின் பின்புறம் ஓர் ஆம்னி வேன் மோதி, ஒரு வயதுக் குழந்தை உட்பட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் இறந்தார்கள். வேன் மோதியது ஓடும் வண்டியின்மீதுகூட அன்று, அசையாமல் நின்ற ஒன்றின்மீது.

நின்ற லாரியில் மோதுவது சுவரில் மோதுவதைவிடக் கொடியது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காரின் முகப்புப் பகுதி மோதலில் நசுங்கி ஆற்றலை உறிஞ்சுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. லாரியின் தளம் கார் எஞ்சினுக்கு மேலே, கண்ணாடியின் உயரத்தில் நிற்கிறது. கார் அதன் அடியில் புகுந்துவிட்டால், நசுங்க வேண்டிய பகுதி எதிலும் படாமல் உள்ளே போக, தளத்தின் விளிம்பு நேராக மனிதத் தலையைச் சந்திக்கிறது. காற்றுப்பை விரிவதற்கான சமிக்ஞைகூடத் தாமதமாகலாம். இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் தாழ்வாக ஒரு குறுக்குச் சட்டம் விதிப்படி இருக்க வேண்டும். வைகுந்தம் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும் நேரத்தில் முன்னால் நிற்கும் லாரிகளின் அடியைச் சற்றுக் கவனியுங்கள். சிலவற்றில் அச்சட்டம் உறுதியாக இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கப் போல்ட் கழன்று சரிந்திருக்கும். சிலவற்றில் இரண்டு அங்குல இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்து மஞ்சள் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். தகுதிச் சான்று வாங்க அது போதும், காரை நிறுத்தப் போதாது. பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என ஒட்ட வேண்டிய பிரதிபலிப்புப் பட்டைகளின் கதையும் இதேதான். முப்பது ரூபாய்ப் பட்டை புழுதியடைந்தால் துணியால் துடைக்கக்கூட ஆளில்லை.

பழுதாகி நின்ற லாரிக்குப் பின்னால் முக்கோணப் பிரதிபலிப்பானுக்குப் பதிலாகக் கருங்கற்களை வரிசையாக அடுக்கி, வேப்பங்கிளையோ புளியங்கிளையோ செருகிவைப்பது நம் பக்கத்து வழக்கம். பகலில் அது புரியும். இரவில் இலை தெரியாது, கல் தெரியவே தெரியாது. பழுது நீங்கி லாரி கிளம்பிய பிறகும் கற்கள் அங்கேயே கிடக்கும். அடுத்து வரும் மோட்டார் சைக்கிளுக்கு அவை புதிய விபத்து. ரோந்து வண்டி வைத்திருப்பது இவற்றை அகற்றுவதற்கும்தானே? ஓரத்தில் நிற்கும் லாரியை எழுப்பி அனுப்புவதற்குச் சாலையை நடத்துபவரிடம் ஆளும் வண்டியும் உண்டு, ஓய்வெடுக்க வேண்டிய ஓட்டுநருக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம்தான் போதிய அளவு இல்லை. மூன்று நட்சத்திரம்.

நாமக்கல் சாலைக்கும் மூன்று. கிராமச் சாலைகள் செங்குத்தாக வந்து சேரும் இடங்களில் பக்கவாட்டு மோதல் நடக்கிறது என்பதே அதன் முதன்மைக் குறை; கார்க் கதவுக்கும் தோளுக்கும் இடையே ஒரு சாண் இடம்கூட இல்லாததால், முன்புற மோதலில் பிழைக்கக்கூடிய வேகத்திலேயே பக்கவாட்டு மோதல் உயிரை எடுத்துவிடும்.

மாநகரை மேற்கே சுற்றிக்கொண்டு கருப்பூர், மாமாங்கம், கந்தம்பட்டி, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி எனச் செல்லும் பகுதியைத் தனியே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இங்கே பாதிக்கப்படுபவர் வேறு. நாட்டில் 2022இல் சாலையில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். இந்தப் பைபாஸ் பெயருக்குத்தான் பைபாஸ். உண்மையில் அது ஊரின் நடுத்தெரு. இருபுறமும் வீடும் பட்டறையும் கல்லூரியும் இருக்க, நடுவில் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை செல்லும் லாரிகள் ஓடுகின்றன. சுரங்கப்பாதை வரை அரை கிலோமீட்டர் நடக்க மனமில்லாமல், யாரோ என்றோ பிடுங்கிவைத்த அரளிச் செடியின் இடைவெளியில் ஒரு கையில் குடத்தோடு ஒரு பெண் நுழைந்து வெளிவருவதை ஓட்டுநர் காண்பது அவர் தார்ச்சாலையில் கால் வைத்த பிறகுதான். ஹை பீமை மறைக்கும் அதே அரளி ஆளையும் மறைக்கிறது. நடந்து செல்பவர்மீது 65இல் மோதும் கார், 50இல் மோதும் காரைப்போல் நான்கரை மடங்கு அளவுக்கு இறப்பு அபாயத்தைக் கொண்டுவருகிறது. அதே பதினைந்து கிலோமீட்டர் காருக்குள் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது.

அரளி ஒரு தடுப்பும் அன்று. 2018 செப்டம்பர் 1 பின்னிரவில் மாமாங்கம் அருகே ஒரு தனியார் பேருந்து, ஓரத்தில் நின்ற வாகனத்தில் மோதிக் கட்டுப்பாடிழந்து, மையத் திட்டைத் தாண்டி, எதிரே பெங்களூரிலிருந்து வந்த ஆம்னி பேருந்தில் மோதியதில் ஏழு பேர் இறந்தனர். முதல் மோதல் மட்டும் நடந்து, வண்டி தன் பக்கத்திலேயே நின்றிருந்தால் அது வேறு வகை விபத்தாக முடிந்திருக்கும். கனரக வண்டியையும் தாங்கி, வந்த திசையிலேயே திருப்பிவிடும் தடுப்புக்கும் ஓரடி உயர மண் திட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இரும்புத் தகட்டுத் தடுப்புகள் இருக்கும் இடங்களிலும் அவை முடியும் முனையைப் பார்க்க வேண்டும். அலையலையான துத்தநாகப் பூச்சுத் தகடு சில இடங்களில் மீன் வால்போல் விரிந்து, வரும் வண்டியை நேராகப் பார்த்தபடி நிற்கிறது. அதில் மோதும் கார் தடுக்கப்படுவதில்லை, குத்தப்படுகிறது. தகடு எஞ்சின் வழியாகப் புகுந்து இருக்கைக்கே வந்துவிடும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015இல் தடுப்புகளுக்கென்றே வெளியிட்ட 119ஆம் எண் வழிகாட்டுதல் முனைகளை எப்படி அமைப்பது என்று சொல்லியிருக்கிறது. முனையைச் சாலையிலிருந்து விலக்கி வளைத்து மண்ணுக்குள் புதைப்பதோ, மோதலை வாங்கும் முனை பொருத்துவதோ பெரிய செலவுமன்று. நான்கு வழி குறுகும் இடங்களில் நிற்கும் பாலத்துக் கைப்பிடிச் சுவர்களும் இவ்வகையே. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராட்டிரத்தின் பால்கர் அருகே இறந்தது அத்தகைய ஓர் ஆற்றுப்பாலத்தில்தான். அவர் பின்னிருக்கையில் வார் அணியாமல் இருந்தார் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. மாநகரப் பகுதிக்கு இரண்டு நட்சத்திரம்.

நாம் கொண்டுவரும் பங்கைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தலைக்கவசம் அணியாததால் 2022இல் இறந்தோர் 50,029 பேர். இருக்கை வார் அணியாததால் 16,715 பேர். தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. கொண்டலாம்பட்டியில் காவலர் நிற்கும் நூறு மீட்டருக்கு மட்டும் தலையில் ஏறி, பிறகு கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் கவசத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; தாடைப் பட்டை போடாத கவசமும் முதல் அடியிலேயே தனியே பறந்துவிடும். காரில் பின்னிருக்கையில் வார் போடாமல் அமரும் பெரியவர், மோதலில் முன்னால் இருக்கும் மகன்மீதோ மருமகள்மீதோ தம் எடையின் பல மடங்கு விசையோடு விழுகிறார். இதை வீட்டில் சொன்னால் ‘அபசகுனமாகப் பேசாதே’ என்றுதான் பதில் வருகிறது.

மோதலுக்குப் பிறகு கிடைக்கும் சேவையில் சேலம் மற்ற ஊர்களைவிடக் கொடுத்துவைத்தது. மூன்று நெடுஞ்சாலைகளும் கூடும் ஊரிலேயே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2008இல் தொடங்கிய 108 சேவையும், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரத்துக்கு அளிக்கப்படும் கட்டணமில்லாச் சிகிச்சையும் உண்மையிலேயே பாராட்டத்தக்கவை. கட்டணச் சாலையில் 1033 எண்ணை அழைத்தால் ரோந்து வண்டி, இழுவை வண்டி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றைக் கேட்கலாம். பலருக்கு இந்த எண்ணே தெரியாது. ஒரே ஒரு நடைமுறைக் குறிப்பு: எந்தக் கிலோமீட்டர் கல், எந்தத் திசை என்று முதலில் சொல்லுங்கள். ‘ஓமலூர் தாண்டி ஒரு தாபா’ என்று சொன்னால், மையத் தடுப்புக்கு மறுபக்கம் வந்து நிற்கும் ஊர்தி அடுத்த திருப்பம் வரை போய் வர வேண்டியிருக்கும். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு அந்த நிமிடங்களே சிகிச்சை. இச்சேவைக்கு நான்கு நட்சத்திரம். கிலோமீட்டர் கற்களின் எழுத்தைக் கழுவி வைத்தால் இன்னும் அரை தருவேன்.

ஆண்டு அட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மாதம் சில முறை ஈரோடு, கோவை பக்கம் போய் வருபவர் என்றால் பணம் மிச்சம்தான், வாங்குங்கள். சென்னைக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. கிருஷ்ணகிரி, வேலூர் வழியும் ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை வழியும் ஏறத்தாழ ஒரே தொலைவு. இரவில் சென்னைக்குப் புறப்பட வேண்டியிருந்தால் நான் தேர்ந்தெடுப்பது கிருஷ்ணகிரி வழி; போகும்போது தொப்பூர் ஏற்றமாக இருப்பதால் பிரேக் இழந்த லாரி நமக்குப் பின்னால் வருவதற்கு வாய்ப்பில்லை, வழி நெடுக மையத் தடுப்பும் உண்டு. திரும்பும்போது சென்னையில் அதிகாலை கிளம்பி ஆத்தூர் வழியாகப் பகல் வெளிச்சத்தில் வந்துவிடுவது நல்லது. அகலப்படுத்தும் வேலை நடக்கும் பைபாஸ்களில் 50க்கு மேல் போக வேண்டாம், டிராக்டருக்குப் பின்னால் சிக்கினால் அடுத்த நான்கு வழிப் பகுதி வரும் வரை அதன் பின்னாலேயே வாருங்கள்.